உள்ளங்கைக் கணிப்பான்: ஒரு தேர்வின் முன்கதை

கைபேசியில் கணக்குப் போட ஒரு செயலியைத் தேடிப் போகிறவரை முதலில் திகைக்க வைப்பது அவற்றின் எண்ணிக்கை. நூற்றுக்கணக்கான கணிப்பான்கள் வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாவற்றிலும் அதே பொத்தான்கள், அதே சமக்குறி, 'முற்றிலும் இலவசம்' என்ற அதே வாசகம். நிறத்தையும் பொத்தானின் வளைவையும் பார்த்து ஏதோ ஒன்றை இறக்கிக்கொள்வதே நம்மில் பலரின் வழக்கம். இரண்டும் இரண்டும் எதில் கூட்டினாலும் நான்குதானே என்ற நிம்மதி அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த நிம்மதிக்கு வரலாற்றில் ஆதாரம் குறைவு. ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை தந்த கணிப்பான்கள் ஏராளம். அவ்வேறுபாடுகளின் வேர்களோ செயலிகள் தோன்றுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன், இரும்பும் சில்லும் கொண்டு செய்த எந்திரங்களுக்காக எடுக்கப்பட்ட முடிவுகளில் இருக்கின்றன.

மிக எளிய சான்று கண்ணெதிரே கிடக்கிறது. கைபேசியில் தொலைபேசி எண் அழுத்தும் பலகையைத் திறந்தால் மேல் வரிசையில் 1, 2, 3 இருக்கும். அதே திரையில் கணிப்பானைத் திறந்தால் மேல் வரிசையில் 7, 8, 9. பத்து விசைகளோடு 1914 வாக்கில் அமெரிக்காவில் வெளிவந்த சண்ட்ஸ்ட்ராண்ட் கூட்டல் எந்திரம் பெரிய இலக்கங்களை மேலே வைத்தது. கணக்கர்களின் விரல்கள் அதற்குப் பழகின. பெல் ஆய்வுக்கூடத்தார் 1960 இல் பொத்தான் தொலைபேசிக்காகப் பல அமைப்புகளை மனிதர்களிடம் கொடுத்துச் சோதித்தபோது, சிறிய இலக்கங்கள் மேலே இருப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு மரபுகளும் இன்று ஒரே கண்ணாடிக்குள் ஒண்டுக் குடித்தனம் நடத்துகின்றன. கண்ணாடிக்கு எந்த நிர்ப்பந்தமும் கிடையாது. எப்படி வேண்டுமானாலும் வரையலாம். இருந்தும் வரைவதில்லை.

கணிப்பானைக் கைக்குள் அடக்கும் ஆசை மின்னணுவியலுக்கும் முந்தியது. வியன்னாவில் 1902 இல் பிறந்த குர்ட் ஹெர்ட்ஸ்டார்க் கணக்கு எந்திரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அன்றைய எந்திரங்கள் மேசையை நிரப்பியவை. கட்டடப் பணியிடத்தில் நிற்கும் பொறியாளருக்கும், அளவெடுக்கப் போகிறவருக்கும் பையில் போட்டுக்கொண்டு போக ஒன்று வேண்டும் என்று அவர் 1930களிலேயே வடிவத்தை யோசிக்கத் தொடங்கிவிட்டார். அவருடைய தந்தை யூதர். ஹெர்ட்ஸ்டார்க் 1943 இல் கைதாகி, பூகன்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய திறமையை அறிந்த முகாம் அதிகாரிகள், அந்தச் சிறு எந்திரத்தை வரைந்து முடித்தால் போர் வெற்றிக்குப்பின் ஹிட்லருக்குப் பரிசாக அளிக்கலாம் என்று சொல்லி வரைய அனுமதித்தார்கள். நினைவிலிருந்து பென்சிலால் அளவுகளோடு வரைந்தார். உயிர் தங்கியிருந்ததற்கு அந்த வரைபடமும் ஒரு காரணம் என்றே அவர் பின்னாளில் கருதினார்.

போர் முடிந்தபின், லீக்டன்ஸ்டைன் என்னும் சிறு நாட்டில் 1948 முதல் அது 'குர்ட்டா' என்ற பெயரில் உற்பத்தியானது. மிளகு அரைக்கும் குடுவையைப் போன்ற உருளை. பக்கவாட்டில் எண்களை ஏற்றும் நகர்த்திகள். தலையில் ஒரு கைப்பிடி. ஒருமுறை சுற்றினால் கூட்டல். கைப்பிடியைச் சற்று மேலே இழுத்துச் சுற்றினால் கழித்தல். பலமுறை சுற்றுவது பெருக்கல். மின்கலம் வேண்டாம், சத்தமும் அதிகமில்லை. கார் பந்தயங்களில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து நேரம் கணக்கிடுவோர் இதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோனது. வில்லியம் கிப்சன் தம் 'பேட்டர்ன் ரெகக்னிஷன்' நாவலில் (2003) குர்ட்டாக்களை வாங்கி விற்கும் மனிதர்களைக் கொண்டுவந்தது இலக்கிய வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். விடை எங்கிருந்து வருகிறது என்று பயன்படுத்துகிறவரின் மணிக்கட்டே அறிந்திருந்த கடைசிக் கணிப்பான் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

அடுத்து வந்தவை சில்லுகள். ஜப்பானின் பிசிகாம் நிறுவனம் 1971 இல் வெளியிட்ட எல்.இ-120ஏ என்ற சட்டைப்பைக் கணிப்பானுக்கு 'ஹேண்டி' என்றே பெயர். கணக்கு முழுவதையும் ஒரே சில்லு பார்த்துக்கொண்டது. தன் மேசைக் கணிப்பான் ஒன்றுக்காக இதே பிசிகாம் கொடுத்த வேலையிலிருந்துதான் இன்டெல்லின் 4004 நுண்செயலி பிறந்தது. இன்றைக்குக் கைபேசி ஒரு கணிப்பானைத் தனக்குள் வைத்திருப்பதை ஏதோ சலுகை போல நினைக்கிறோம். வம்சாவளியில் கணிப்பான்தான் மூத்தது.

பிசிகாமின் 'ஹேண்டி' நான்கு அடிப்படைச் செயல்களை மட்டுமே அறியும். பொறியாளர்கள் அப்போதும் ஸ்லைடு ரூலையும் மடக்கை அட்டவணையையும் நம்பியிருந்தார்கள். ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்தின் பில் ஹியூலெட், தம் நிறுவனத்தின் மேசைக் கணிப்பான் சட்டைப்பையில் அடங்கவேண்டும் என்றார். சந்தை ஆய்வு அதற்கு வாங்குவோர் இல்லையென்று சொன்னது. தமக்கு ஒன்று வேண்டும் என்பதற்காகவே அவர் வேலையைத் தொடரச் செய்தார். 1972 இல் 395 டாலர் விலையில் எச்.பி-35 வந்தது. முப்பத்தைந்து விசைகள் இருந்ததால் அந்தப் பெயர். சைன், கொசைன், மடக்கை எல்லாம் ஒரு விசையில். சில ஆண்டுகளுக்குள் ஸ்லைடு ரூல் தொழில் படுத்துவிட்டது.

இந்தக் கருவியின் கதையில் நாம் நின்று கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. 2.02 இன் இயல் மடக்கையைக் கண்டு, உடனே அதன் எதிர்ச்செயலை அழுத்தினால் மீண்டும் 2.02 வரவேண்டும். முதலில் விற்ற எச்.பி-35கள் 2 என்றன. அதற்குள் பல்லாயிரம் கருவிகள் வெளியே போயிருந்தன. நிறுவனம் வாங்கியவர்களுக்குத் தெரிவித்து, மாற்றித்தர முன்வந்தது. ஸ்லைடு ரூலில் மூன்றாவது இலக்கம் கண்ணின் மதிப்பீடு என்பது அதைப் பிடித்த எல்லாருக்கும் தெரியும். சிவப்பாக ஒளிரும் பத்து இலக்கங்களோ அப்படியோர் ஐயத்துக்கு இடம் தருவதில்லை. ஆகவே பிழையும் அதே அதிகாரத்தோடு ஒளிர்ந்தது.

எச்.பி-35 இல் சமக்குறியே கிடையாது என்பது அடுத்த வியப்பு. இதன் மூலம் ஒரு தர்க்கவியலாளரிடம் இருக்கிறது. போலந்தைச் சேர்ந்த யான் வுகாஷேவிச் 1920களில், அடைப்புக்குறி இல்லாமல் தர்க்க வாக்கியங்களை எழுத ஒரு குறியீட்டு முறையை அமைத்தார். செயலை முன்னால் வைத்து, செயலுக்கு உட்படுவனவற்றைப் பின்னால் வைப்பது. அவர் பெயரை உச்சரிக்கத் திணறிய உலகம் அதைப் 'போலிஷ் குறியீடு' என்றது. செயலைக் கடைசிக்குத் தள்ளினால் எந்திரத்துக்கு இன்னும் வசதி என்று 1950களில் கண்டவர்களுள் ஆஸ்திரேலியத் தத்துவவாதி சார்ல்ஸ் ஹாம்ப்ளின் ஒருவர். 1963 இல் வந்த ஃபிரிடன் இசி-130 மேசைக் கணிப்பானும், பின்னர் எச்.பி.யும் இந்தத் தலைகீழ் முறையை எடுத்துக்கொண்டன. இரண்டையும் மூன்றையும் கூட்டி நான்கால் பெருக்க: 2, என்டர், 3, +, 4, ×. அவ்வளவுதான். அடைப்புக்குறி தேவையில்லை, இடைவிடைகள் ஓர் அடுக்கில் காத்திருக்கின்றன.

மேலைநாட்டுப் பயனாளர் பலருக்கு இது புரியாத புதிராகவே இருந்துவந்தது. பாதிப் பேர் வெறுத்தார்கள், மீதிப் பேர் மதம் மாறியவர்களைப் போல் ஆனார்கள். தமிழில் யோசிக்கிறவருக்கு இதில் அதிசயிக்க என்ன இருக்கிறது? 'இரண்டையும் மூன்றையும் கூட்டி நான்கால் பெருக்கு' என்றுதான் நாம் சொல்கிறோம். வினை கடைசியில் வருகிறது. வினையெச்சம் இடைவிடையைத் தாங்கி நிற்கிறது. '2 + 3' என்று நடுவில் குறியிடுவதுதான் நம் வாக்கிய அமைப்புக்கு அந்நியமானது. பள்ளி அதைப் பழக்கிவிட்டதால் உணர்வதில்லை. தமிழ் வாசகர் ஒருவர் தலைகீழ் முறைக் கணிப்பானை ஒரு வாரம் கையாண்டு பார்க்க இதுவே போதிய காரணம் என்பது நம் கட்சி.

மறுதரப்பில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நின்றது. பாடநூலில் உள்ளபடியே அழுத்துங்கள், பெருக்கலை முன்னும் கூட்டலைப் பின்னும் நாங்கள் செய்துகொள்கிறோம் என்றது 1977 இல் வந்த அதன் டி.ஐ-59. மலிவான கடைக் கணிப்பான்கள் இரண்டுமில்லாத மூன்றாவது வழியில் போயின: வந்ததை வந்த வரிசையில் முடித்துவிடுவது. ஆக, 2 + 3 × 4 என்று அழுத்தினால் ஒன்று 14 என்கிறது, மற்றொன்று 20 என்கிறது. விண்டோஸ் கணிப்பானில் இவ்விரண்டும் ஒரே நிரலுக்குள் இருக்கின்றன. சாதாரண நிலையில் 20, அறிவியல் நிலையில் 14. இதைப் பிழை என்று சொல்ல முடியாது. இரு வேறு முன்னோர்களின் பழக்கம். 6 ÷ 2(1 + 2) என்ற கேள்விக்குச் சில அறிவியல் கணிப்பான்கள் 1 என்றும், வேறு சில கணிப்பான்கள் 9 என்றும் சொல்வதைக் காட்டி இணையத்தில் ஆண்டுதோறும் சண்டை நடக்கிறது. எண்ணும் அடைப்புக்குறியும் ஒட்டி நின்றால் அந்தப் பெருக்கல் நெருக்கமானதா என்பதே வழக்கு. கணிதத்தைவிட இலக்கணத்துக்கே இது உரியது. புணர்ச்சி விதி பற்றிய சச்சரவு.

இனி, விடையின் மெய்மை. பிரிட்டனில் கிளைவ் சின்கிளேர் 1974 இல் 'சின்கிளேர் சயின்டிஃபிக்' என்ற கணிப்பானை எச்.பி.யினுடையதைப் போலப் பன்மடங்கு மலிவாக விற்றார். நான்கு செயல்களுக்கென்று செய்த ஒரு சில்லில் 320 கட்டளைகளுக்கே இடம். அதற்குள் நைஜல் சேர்ல் என்பவர் முக்கோணவியலையும் மடக்கையையும் திணித்தார். தலைகீழ் முறை அங்கும் உதவியது, கட்டளைகளை மிச்சப்படுத்தியதால். விடையில் ஏறத்தாழ மூன்று இலக்கங்களையே நம்பலாம். பை முதலான மாறிலிகளைச் சேமிக்க இடமில்லாததால் அவற்றைக் கருவியின் முகப்பிலேயே அச்சிட்டுவிட்டார்கள்! நமக்கு இந்த ஏழைக் கருவியின் மீது ஒரு பிரியம் உண்டு. தனக்குத் தெரியாததை அது முகத்திலேயே எழுதி வைத்திருந்தது.

கைபேசிச் செயலிகள் அவ்வளவு வெளிப்படையாக இருப்பதில்லை. பழைய கைக்கணிப்பான்கள் பெரும்பாலும் தசம முறையிலேயே கணக்கிட்டன. அவசரமாக எழுதப்பட்ட செயலியோ கணினிக்கு இயல்பான இரும மிதவைப் புள்ளி முறையில் கணக்கிடும். அம்முறையில் 0.1 என்ற எண்ணையே சரியாக எழுத இயலாது. 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவது நிரலாளர்கள் எல்லாரும் அறிந்த சங்கதி. கடைசி இலக்கங்களை மறைத்துவிட்டு 0.3 என்று காட்டுவது செயலியின் சாமர்த்தியம். இந்த மறைப்பை ஏற்காதவர் ஹான்ஸ் போம். 2015 இல் ஆண்ட்ராய்டு 6 உடன் வந்த கணிப்பானில் அவர் வேறொரு வழியைப் புகுத்தினார். எண்ணை அவ்வளவு இலக்கம், இவ்வளவு இலக்கம் என்று முன்கூட்டியே வெட்டி வைப்பதில்லை. கேட்கக் கேட்க மேலும் இலக்கங்களைக் கணக்கிடும் ஒரு செயல்முறையாக வைத்திருப்பது. விடையை விரலால் தள்ளத் தள்ளப் பையின் இலக்கங்கள் வந்துகொண்டே இருக்கும். 10 இன் 100 ஆம் அடுக்கோடு 1 ஐக் கூட்டி, மீண்டும் 10 இன் 100 ஆம் அடுக்கைக் கழித்தால் மிஞ்சவேண்டியது 1. பல கணிப்பான்கள் 0 என்கின்றன. இது 1 என்கிறது. கணக்கியல் ஆராய்ச்சியில் ஊறிய ஒருவரின் உழைப்பு, கோடிக்கணக்கானோர் காய்கறிக் கணக்குப் போடும் இடத்தில் ஓசையின்றி உட்கார்ந்திருக்கிறது.

கணிப்பான் ஒரு பொருள் என்ற நிலையிலிருந்து படம் என்ற நிலைக்கு இறங்கியது எப்போது? ஆப்பிளில் 1982 இல் நடந்ததாக ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதியிருக்கும் நிகழ்ச்சியைச் சொல்லலாம். மெக்கின்டாஷுக்கான கணிப்பானை கிறிஸ் எஸ்பினோசா வரைந்து காட்டக் காட்ட, ஸ்டீவ் ஜாப்ஸ் நாள்தோறும் ஏதேனும் ஒரு குறை சொல்லிவந்தார். கோடு தடித்தது, பொத்தான் பெரிது. சலித்துப்போன எஸ்பினோசா, கோட்டின் தடிமன், பொத்தானின் அளவு, பின்னணி எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து மாற்றிக்கொள்ளும்படி ஒரு நிரலை எழுதி ஜாப்ஸிடமே கொடுத்துவிட்டார். பத்து நிமிடத்தில் ஜாப்ஸ் அமைத்துக்கொண்ட வடிவமே பல்லாண்டுகள் மெக்கின்டாஷில் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் விடையின் துல்லியம் பற்றி ஒரு பேச்சும் எழுந்ததாகத் தெரியவில்லை. தோற்றம் ஒரு கையில், கணக்கு வேறொரு கையில் என்ற பிரிவினை அதன்பின் நிலைத்துவிட்டது.

1996 இல் வந்த பாம் பைலட் என்ற கைக்கணினியில் திரைக்குக் கீழே கணிப்பானுக்கென்றே தனியிடம் அச்சிட்டிருந்தார்கள். 160க்கு 160 புள்ளிகள் கொண்ட சிறு திரை. உள்ளே இருந்ததோ நான்கு செயல் கணிப்பான். போதாதென்று கருதியவர்கள் வேறு கணிப்பான்களைத் தேடி இறக்கிக்கொள்ளத் தொடங்கினார்கள். இன்று நாம் அறிந்துள்ள தேர்வுக் குழப்பம் ஏறக்குறைய அங்கேதான் தொடங்கியது. எச்.பி. 1988 இல் வெளியிட்டு 1995 இல் நிறுத்திவிட்ட எச்.பி-42எஸ் கணிப்பானின் விசிறிகள், பழைய கருவிக்குப் பெருந்தொகை கொடுத்து அலைந்துகொண்டிருந்தார்கள். தாமஸ் ஓக்கன் என்பவர் 2004 இல் 'ஃபிரீ42' என்ற நிரலை வெளியிட்டார். எச்.பி.யின் நிரலில் ஒரு வரியையும் எடுக்காமல், கருவியின் நடத்தையைப் பார்த்துத் தாமே எழுதியது. பாம் கருவிகள் மறைந்துவிட்டன. ஃபிரீ42 கைபேசிகளுக்கு இடம்பெயர்ந்து இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது, விளம்பரமின்றி. இறந்துபோன ஒரு கருவியின் ஆவி என்று இதைச் சொல்வதைவிட, நல்ல உரையாசிரியர் ஒருவரின் கையில் தப்பிய மூலநூல் என்பது பொருந்தும்.

2007 இல் வந்த ஐஃபோனின் கணிப்பான், பிரவுன் நிறுவனத்துக்காக டீட்டர் ராம்ஸும் டீட்ரிக் லூப்ஸும் வடிவமைத்த ஈ.டி.66 ஐ (1987) நினைவூட்டியது. பிரவுன் கணிப்பானின் குமிழ்ப் பொத்தான்கள் விரலுக்கு இடம் காட்டுவதற்காகப் புடைத்திருந்தவை. கண்ணாடியில் புடைப்பின் படம் மட்டும் வந்தது. அழுத்தியது பதிந்ததா என்று விரல் அறியாது, கண்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். இதன் விலை 2017 இல் தெரிந்தது. ஐ.ஓ.எஸ். 11 இன் கணிப்பானில் 1 + 2 + 3 என்று விரைவாகத் தட்டினால் விடை 24 என வந்தது. பொத்தான் ஒளிர்ந்து மங்கும் அசைவு முடிவதற்குள் அடுத்த தட்டு விழுந்தால், இரண்டாவது கூட்டல் குறி தொலைந்துபோய் 1 + 23 ஆகிவிடும். அவ்வாண்டு டிசம்பரில் திருத்தினார்கள். ஓர் அலங்காரம் கணக்கை விழுங்கிய அந்தச் சில மாதங்களில் எத்தனை கடைகளில் எத்தனை பில்கள் அப்படிக் கூட்டப்பட்டன என்று யாரும் கணக்கெடுக்க முடியாது, ஏனெனில் அந்தக் கணிப்பான் எதையும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைப்பதுதான் இதில் மிகப் பழைய தேவை. அமெரிக்க வங்கியொன்றில் எழுத்தராக இருந்த வில்லியம் சீவர்ட் பரோஸ், கூட்டல் பிழைகளைத் தேடியே நாள்கள் கழிவதைக் கண்டு, 1880களில் அச்சிடும் கூட்டல் எந்திரத்தை உருவாக்கினார். அதன் சிறப்பு கூட்டியதில் இல்லை, கூட்டியதை எல்லாம் காகிதத்தில் பதித்ததில் இருந்தது. விடை தவறென்றால் எந்த வரியில் தவறென்று விரல் வைத்துக் காட்டலாம். ('நேக்கட் லஞ்ச்' எழுதிய வில்லியம் பரோஸ் இவருடைய பேரன். தம் கட்டுரைத் தொகுப்பு ஒன்றுக்குக் 'கூட்டல் எந்திரம்' என்றே அவர் பெயர் வைத்தார்.) அந்தக் காகிதச் சுருள் செய்ததை ஐஃபோனின் கணிப்பான் செய்யத் தொடங்கியது 2024 இல், ஐ.ஓ.எஸ். 18 வந்தபோது. அதே ஆண்டில்தான் ஐபேடுக்கும் கணிப்பான் கிடைத்தது. 2010 இல் ஐபேட் வந்ததிலிருந்து பதினான்கு ஆண்டுகள், அத்தனை பெரிய திரையில் கூட்டிப் பார்க்க வெளியார் செயலிகளையே நாட வேண்டியிருந்தது.

எனவே செயலியைத் தேர்கிறவர் கடைவிவரணையைப் படிப்பதைவிட நாலைந்து கணக்குகளை அதனிடம் கொடுத்துப் பார்ப்பது நல்லது. 2 + 3 × 4 க்கு என்ன சொல்கிறது? 1 ஐ 3 ஆல் வகுத்து மறுபடி 3 ஆல் பெருக்கினால் 1 க்கே திரும்புகிறதா? 100 + 10% என்றால் 110 என்கிறதா, 100.1 என்கிறதா? இரண்டு பதில்களுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. கடை வைத்திருப்பவருக்கு முதலாவதே வேண்டும். ஐந்து எண்களைக் கூட்டிவிட்டு மூன்றாவதை மட்டும் திருத்த முடிகிறதா? தொடர்புப் பட்டியலையும் இருப்பிடத்தையும் பார்க்க அனுமதி கேட்கும் கணிப்பானை அப்போதே நீக்கிவிடலாம். குர்ட்டா அப்படி ஒன்றும் கேட்டதில்லை. வீட்டுக் கணக்குக்குச் சுருள் போல வரிவரியாக நிற்கும் ஒன்றும், மற்றவற்றுக்கு ஃபிரீ42 உம் நம் கைபேசியில் இருக்கின்றன. வாங்கிக் கேட்கிற நண்பர்கள் சமக்குறி எங்கே என்று தேடிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.